தூண்களும் கோபுரங்களும்: ஒரு நண்பருக்குப் பதில்

ரொறன்ரோவில் வாழும் பால்ய நண்பர் ஒருவர் அண்மையில் நீண்டதொரு மின்னஞ்சல் அனுப்பியிருந்தார். அமெரிக்க ஜனாதிபதி டொனால்ட் ட்ரம்ப் 2025 ஆகஸ்ட் 28 ஆம் திகதி பிறப்பித்த கட்டடக்கலை தொடர்பான நிறைவேற்றுக் கட்டளையை அவர் மெச்சியிருந்தார். ட்ரம்பின் வேறெந்தச் செயலையும் மெச்சாத மனிதர் அவர். "இந்த ஒன்றிலாவது ஆள் சரி" என்று எழுதியிருந்தார். அத்துடன் நின்றிருந்தால் நானும் ஒரு புன்னகையோடு கடந்து போயிருப்பேன். ஆனால் மடலின் பிற்பகுதியில் ஒரு யோசனையை முன்வைத்திருந்தார். 2018 ஒக்ரோபரில் பதவிக்காலம் முடிந்த வட மாகாண சபை மீண்டும் கூடும் நாளில், அது நிறைவேற்றவேண்டிய முதல் நியதிச் சட்டங்களுள் ஒன்று, மாகாணத்தின் அரச கட்டடங்கள் யாவும் திராவிடக் கட்டடக்கலைப் பாணியில் அமைய வேண்டும் என்பதாக இருக்கவேண்டுமாம். அதற்கு முன்னோடியாக, அவரது ஊர்ச் சங்கம் எங்கள் பகுதி அரச அலுவலகம் ஒன்றின் வாசலில் கோபுர வளைவு கட்டிக் கொடுக்கப் பணம் திரட்டுகிறதாம். எனது கருத்து என்ன என்று கேட்டிருந்தார்.

தனிமடலில் பதில் எழுதத் தொடங்கி, அது நீண்டுவிட்டது. இதே யோசனையை வேறு சிலரிடமும் கேட்டிருப்பதால் இங்கேயே எழுதிவிடுகிறேன். நண்பர் கோபிக்கமாட்டார். கோபித்தாலும் பாதகமில்லை.

முதலில் அமெரிக்காவின் கதை. ட்ரம்பின் கட்டளை மூன்று வகைக் கட்டடங்களைத் தொடுகிறது. சமஷ்டி நீதிமன்றங்களும் திணைக்களத் தலைமையகங்களும் ஒன்று. தலைநகரப் பிராந்தியத்தில் உள்ள சமஷ்டிப் பொதுக் கட்டடங்கள் அனைத்தும் இன்னொன்று. வேறெங்கும் 50 மில்லியன் டொலருக்கு மேல் செலவாகும் கட்டடங்கள் மூன்றாவது. இவற்றுக்குக் கிரேக்க, உரோமச் செவ்வியல் பாணியும் ஏனைய மரபுப் பாணிகளுமே விரும்பத்தக்கவை என்கிறது கட்டளை. வொஷிங்டன் நகருக்குள் செவ்வியல் பாணியே இயல்பான தெரிவாக இருக்கவேண்டும். அதிலிருந்து விலகிய நவீன வடிவமைப்பு ஒன்றை அங்கீகரிக்க முனைந்தால், அதற்குக் குறைந்தது 30 நாட்களுக்கு முன்னர் ஜனாதிபதிக்கு அறிவித்துக் காரணம் கூறவேண்டும். இது புதிதல்ல. 2020 டிசம்பரில், பதவி விட்டிறங்கும் தறுவாயில் இதையொத்த கட்டளையொன்றை அவரே பிறப்பித்தார். 2021 பெப்ரவரியில் பைடன் அதை நீக்கினார். 2025 இல் அது மீண்டும் வந்திருக்கிறது. ஐந்து வருடத்துக்குள் ஒரு நாட்டின் 'அழகு' மூன்று தடவை மாறிவிட்டது என்பதை நண்பர் கவனித்தாரோ தெரியவில்லை.

இந்தக் கட்டளைக்குப் பின்னால் நியாயமான ஒரு மனக்குறை இருக்கிறது என்பதை நான் மறுக்கவில்லை. 1960களிலும் 70களிலும் அமெரிக்க அரசு கட்டிய பல கட்டடங்கள் சாதாரண மனிதரை மிரட்டுவன. 1975 இல் திறக்கப்பட்ட எப்.பி.ஐ. தலைமையகத்தின் படங்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது ஓர் அலுவலகம் போலல்ல, எதிரியை எதிர்பார்த்திருக்கும் அரண் போல் நிற்கிறது. கட்டடக்கலைஞர்கள் தமக்குள் பரிசு கொடுத்துக்கொண்டார்கள். உள்ளே போய் வேலை செய்தவர்களையும் வெளியே காத்து நின்றவர்களையும் யாரும் கேட்கவில்லை. 2020 இல் சுமார் இரண்டாயிரம் பேரிடம் எடுக்கப்பட்ட கருத்துக் கணிப்பில் 72 சதவீதமானோர் மரபுப் பாணியையே விரும்பினர். அந்தக் கணிப்பை நடத்துவித்தது செவ்வியல் பாணிக்காகவே வாதாடும் ஒரு சங்கம் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். ஆயினும் அந்த எண்ணைப் பொய் என்று தள்ள நான் தயாரில்லை. வாசலில் தூண் நிற்கும் கட்டடத்தை மனிதருக்குப் பிடிப்பதில் வியப்பென்ன?

பிடிப்பது வேறு, பிறப்பிப்பது வேறு. இங்கேதான் நண்பரோடு முரண்படுகிறேன்.

அமெரிக்காவிடம் இந்த விடயத்தில் பின்பற்றத்தக்க ஒன்று இருந்தது. 1962 இல் கென்னடிக்குச் சமர்ப்பிக்கப்பட்ட அரச அலுவலக இடவசதி பற்றிய வறட்டு அறிக்கையொன்றுக்குள் ஏறத்தாழ ஒரு பக்கக் குறிப்பை இளம் அதிகாரி ஒருவர் செருகிவிட்டார். டானியல் பற்றிக் மொய்னிஹான் என்பது அவர் பெயர். பின்னாளில் இந்தியாவுக்கான தூதுவராகவும், அதன்பின் செனற்றராகவும் இருந்தவர். அரசுக்கென உத்தியோகபூர்வ பாணி எதுவும் இருத்தல் கூடாது. வடிவமைப்பு கட்டடக்கலைஞரிடமிருந்து அரசாங்கத்துக்கு வரவேண்டுமே தவிர, அரசாங்கத்திலிருந்து கட்டடக்கலைஞருக்குப் போகக்கூடாது என்பதே அக்குறிப்பின் சாரம். அதற்கு முன்பு, 1852 முதல் 1939 வரை, அந்நாட்டுத் திறைசேரியில் ஒரு தலைமைக் கட்டடக்கலைஞர் அலுவலகம் இருந்தது. அந்தக் கதிரையில் இருந்தவரின் இரசனையே தபாற்கந்தோரிலிருந்து நீதிமன்றம் வரை நாடெங்கும் கல்லாகி நின்றது. முல்லற் என்பவர் இருந்த காலத்தில் பிரெஞ்சுப் பேரரசுப் பாணி. 1897 இல் ரெய்லர் வந்ததும் செவ்வியல். முல்லற் வடிவமைத்து வெள்ளை மாளிகைக்குப் பக்கத்தில் எழுந்த பெருங்கட்டடத்தை 1950களில் இடித்துவிடும்படி ஓர் ஆணைக்குழு பரிந்துரைத்தது. இடிக்கவில்லை, பிற்காலத்தவர் அதைப் பொக்கிஷமாகப் பேணினார்கள். மரபு என்று இன்று சொல்லப்படுவது ஒருகாலத்துப் புதுமோகம்தான்.

தூண்கள் குடியரசின் விழுமியங்களைச் சொல்கின்றன என்பது ட்ரம்ப் தரப்பின் வாதம். தூண்கள் எதையும் சொல்வதில்லை. வொஷிங்டனின் கப்பிற்றோல் மாளிகையைக் கட்டியவர்களுள் அடிமைகளும் இருந்தார்கள். அவர்களது கூலி அவர்களின் எஜமானர்களுக்குப் போனது. ஹிற்லருக்கு அல்பேட் ஸ்பியர் 1939 இல் கட்டிக்கொடுத்த அதிபர் மாளிகையிலும் செவ்வியல் தூண்கள்தாம் வரிசையாக நின்றன. ஸ்டாலினும் 1930களில் நவீனக் கலைஞர்களை ஓரங்கட்டிவிட்டுத் தூண்களையும் சிற்பங்களையுமே கேட்டார். குருஷேவ் 1955 இல் அவற்றை வீண் ஆடம்பரம் என்று தீர்மானம் போட்டு நிறுத்தினார். அலங்காரத்தை ஆணையிட்டவரும் சரி, அலங்காரத்தைத் தடைசெய்தவரும் சரி, மக்களைக் கேட்கவில்லை.

வெளிநாட்டு உதாரணம் எதற்கு? கொழும்பு காலிமுகத்திடலுக்கு வாருங்கள். 1930 இல் திறக்கப்பட்ட பழைய பாராளுமன்றக் கட்டடம், பொதுவேலைப் பகுதியின் தலைமைக் கட்டடக்கலைஞர் ஒஸ்ரின் வுட்சன் வடிவமைத்தது, கடலைப் பார்த்தபடி தன் கிரேக்கத் தூண்களோடு நிற்கிறது. ட்ரம்பின் கட்டளைக்கு அச்சொட்டாகப் பொருந்தும் கட்டடம். 1948 இல் மலையகத் தமிழரின் குடியுரிமையைப் பறித்த சட்டம் நிறைவேறியது அந்தத் தூண்களுக்குப் பின்னால்தான். 1956 இல் தனிச் சிங்களச் சட்டமும் அங்கேதான் வந்தது. அவ்வருடம் ஜூன் 5 ஆம் திகதி எதிரே திடலில் சத்தியாக்கிரகம் இருந்த செல்வநாயகமும் தோழர்களும் குண்டர்களால் தாக்கப்பட்டபோதும் அதே தூண்கள் அப்படியே நின்றன. பின்னர் அது ஜனாதிபதி செயலகமாயிற்று. 2022 ஏப்ரல் முதல் அதன் வாசலை மறித்து இளைஞர்கள் மாதக்கணக்கில் இருந்தார்கள். ஜூலை 22 அதிகாலையில் படையினர் அவர்களை அடித்துக் கலைத்தார்கள். அந்தத் தொண்ணூறு வருடத்தில் அந்தக் கட்டடம் ஒருநாளேனும் ஜனநாயகத்தைப் பற்றி வாய் திறந்ததாக நான் அறியேன்.

சுதந்திரத்தின் பின் நமது ஆட்சியாளர்களுக்குக் கிரேக்கத் தூண் கசந்தது. கண்டியக் கூரை இனித்தது. சுதந்திர நினைவு மண்டபத்துக்கு முன்மாதிரி, கண்டி அரண்மனையின் மகுல் மடுவ. 1815 இல் கண்டிப் பிரதானிகள் நாட்டை ஆங்கிலேயரிடம் எழுதிக் கையளித்தது அந்த மண்டபத்தில்தான். சுதந்திரத்தைத் தொலைத்த மண்டபத்தின் சாயலிலேயே சுதந்திரத்துக்கு நினைவுச் சின்னம் எழுப்பியவர்களின் நகைச்சுவை உணர்வை எப்படிப் பாராட்டுவது! அதைவிட முக்கியமானது, பல இனங்கள் வாழும் ஒரு தீவின் பொதுச் சின்னத்துக்கு ஓர் இராச்சியத்தின் சாயலே போதும் என்று யாரோ முடிவெடுத்தது.

பிறகு ஜெப்ரி பாவாவின் புதிய பாராளுமன்றம். 1982 ஏப்ரல் 29 இல் திறக்கப்பட்டது. ஊடக ஒன்றியத்தில் இருந்து பல வருடங்கள் விவாதங்களைக் கேட்டுக் குறிப்பெடுத்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: தியவன்னா ஏரியின் நீர்ப்பரப்பில் செப்புக் கூரைகள் மிதப்பது போல் தோன்றும் அந்தக் காலைப்பொழுதை இன்றுவரை வெறுக்க முடியவில்லை. பாவாவின் தந்தைவழி முஸ்லிம். அவரோடு பங்காளியாக இருந்து பொறியியற் பணியைச் சுமந்த பூலோகசுந்தரம் தமிழர். ஆகவே அதை ஓர் இனத்தின் கைவேலை என்று சொல்வது அநீதி. ஆனால் இடத்தைத் தெரிவுசெய்தது கட்டடக்கலைஞரல்லர். கோட்டே, ஆறாம் பராக்கிரமபாகுவின் தலைநகர். அங்கிருந்து புறப்பட்ட செண்பகப் பெருமாள்தான் பதினைந்தாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் யாழ்ப்பாண இராச்சியத்தைப் பிடித்தான். (அந்தச் செண்பகப் பெருமாளே பின்னர் புவனேகபாகு என முடிசூடினான், நல்லூர்க் கந்தன் சந்நிதியில் ஓதப்படும் கட்டியத்தில் இன்றும் அப்பெயர் ஒலிக்கிறது. சரித்திரம் எந்தப் பாணிக்குள்ளும் அடங்கிக் கிடக்காத பிராணி.) அந்த அழகிய கட்டடம் திறந்து பதினாறு மாதத்தில், 1983 ஆகஸ்டில், ஆறாவது திருத்தம் அங்கே நிறைவேறியது. அது கோரிய சத்தியப்பிரமாணத்தைச் செய்ய மறுத்த தமிழர் விடுதலைக் கூட்டணியினர் தம் ஆசனங்களை இழந்தார்கள். கூரை எவ்வளவு அழகாக இருந்தென்ன, அதன்கீழ் எங்கள் ஆசனங்கள் வெறுமையாகக் கிடந்தன.

இப்போது நண்பரின் யோசனைக்கு வருகிறேன். கொழும்பு கண்டியக் கூரையை வைத்தால் நாங்கள் கோபுரத்தை வைப்போம் என்பதுதானே அதன் உட்கிடக்கை? நண்பர் உடனே யாழ்ப்பாணப் பொது நூலகத்தைக் காட்டுவார் என்று தெரியும். சென்னை அரசின் கட்டடக்கலைஞர் நரசிம்மன் வடிவமைத்து 1959 இல் திறக்கப்பட்ட அந்தக் கட்டடத்தின் குவிமாடங்கள் யாருக்குத்தான் பெருமையில்லை? எந்தச் சட்டமும் அவரை அப்படிக் கட்டச் சொல்லவில்லை என்பதை முதலில் நினைவில் கொள்வோம். ஓர் ஊர் பணம் சேர்த்தது, ஒரு கலைஞர் வரைந்தார், அவ்வளவே. 1981 மே 31 இரவு அது எரிந்தபோது நாம் அழுதது குவிமாடத்துக்காகவா? உள்ளே சாம்பலான சுமார் 97,000 நூல்களுக்காகவும் சுவடிகளுக்காகவும். குவிமாடத்தை மறுபடியும் கட்டிவிட்டார்கள். பார்த்தால் வித்தியாசம் தெரியாது. சுவடிகள் திரும்பவில்லை.

மேலும், வட மாகாணம் என்றால் நல்லூர் மட்டுமல்லவே. மன்னாரில் பெரும்பான்மையோர் கத்தோலிக்கர். 1990 ஒக்ரோபரில் சில மணித்தியால அவகாசத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து விரட்டப்பட்ட முஸ்லிம் குடும்பங்களுள் திரும்பி வந்தவர்கள் இன்னமும் காணி உறுதிக்காகவும் வீட்டுத்திட்டத்துக்காகவும் பிரதேச செயலகப் படி ஏறி இறங்குகிறார்கள். அந்தச் செயலகத்தின் வாசலில் சைவக் கோயிலின் முகப்பை வைத்தால் அவர்களுக்கு அது என்ன சொல்லும்? மகுல் மடுவ நமக்குச் சொன்னதைத்தானே! நமக்கு இழைக்கப்பட்ட பிழையை அளவைச் சுருக்கி நாமும் செய்வதற்கு மாகாண அதிகாரம் எதற்கு? கோபுரம் கோயிலுக்கு உரியது. அங்கே அது உயர்ந்து நிற்கட்டும். கச்சேரிக்குக் கோபுரம் வைத்தால் கச்சேரி புனிதமாகிவிடாது, கோபுரம்தான் மலினமாகும்.

ஆட்சியாளரின் இரசனையில் கட்டுவது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்குத் தமிழ்நாடு நல்ல பாடம். சென்னை ஓமந்தூரார் தோட்டத்தில் ஜேர்மன் நிறுவனமொன்றின் வடிவமைப்பில் எழுந்த புதிய சட்டமன்ற, தலைமைச் செயலக வளாகத்தை 2010 மார்ச் 13 இல் திறந்தார்கள். குவிமாடம் முடியவில்லை, திறப்பு விழாத் திகதியோ மாறாது. ஆகவே சினிமாக் கலை இயக்குநர் தோட்டா தரணியைக் கொண்டு தற்காலிகக் குவிமாடம் ஒன்றை 'செற்' போட்டார்கள். மறுவருடம் ஆட்சி மாறியது. புதிய முதலமைச்சர் பழைய கோட்டைக்கே திரும்பிப் போனார். சட்டமன்றத்துக்கென வரைந்த கட்டடம் 2014 இல் மருத்துவமனையாகத் திறக்கப்பட்டது. நோயாளிகளுக்கு நன்மைதான். ஆனால் ஒருவரின் புகழுக்காக எழுந்த கட்டடத்தை அடுத்தவர் தன் கோபத்துக்காக மாற்றுவார் என்பது அங்கே எல்லோர் கண் முன்னும் நடந்தது. நமது மாகாண சபையிலும் ஆட்சி மாறும்.

அப்படியானால் அரச கட்டடங்களுக்கு நியமமே வேண்டாமா என்று கேட்பீர்கள். வேண்டும், கண்டிப்பாக வேண்டும். முகப்பு எப்படி இருக்கவேண்டும் என்பதை விட்டுவிட்டு, உள்ளே வருபவர் எப்படி நடத்தப்பட வேண்டும் என்பதற்கு நியமம் வேண்டும். அது நம்மிடம் ஏற்கெனவே ஓரளவு இருக்கிறது என்பதுதான் வெட்கக்கேடு. மாற்றுத்திறனாளிகள் பொதுக் கட்டடங்களுக்குள் அணுகுவதற்கான ஒழுங்குவிதிகள் 2006 ஒக்ரோபரில் வர்த்தமானியில் வெளிவந்தன. சக்கர நாற்காலியில் வாழ்ந்தபடி பொதுநல வழக்காடிய அஜித் பெரேராவின் மனுவில் 2011 ஏப்ரலில் உயர் நீதிமன்றமும் கட்டளை பிறப்பித்தது. படித்தவர் யார்? கட்டியவர் யார்?

எனது தாயார் ஓய்வுபெற்ற ஆசிரியை, எண்பதைக் கடந்தவர். சில வருடங்களுக்கு முன், ஓய்வூதியம் தொடர்வதற்கு அவர் உயிரோடிருப்பதை உறுதிப்படுத்தும் படிவத்துக்காக ஓர் அரச அலுவலகத்துக்கு அழைத்துச் சென்றேன். எந்த அலுவலகம் என்பது வேண்டாம். அங்கிருந்தவர்கள் மரியாதையானவர்கள், பிழை அவர்களுடையதல்ல. போருக்குப் பின் எழுந்த கட்டடம். வாசலில் பூரணகும்பமும் தாமரையும் செதுக்கிய வளைவு. முன்புறம் முழுவதும் கண்ணாடி. வாசலுக்கு ஐந்து படி. ஓய்வூதியப் பகுதியோ மேல்மாடியில், அதற்கு இருபத்திரண்டு படி. சாய்தளம் இல்லை, மின்தூக்கி இல்லை. கீழே காத்திருக்க வாங்கும் இல்லை. சனம் மதிலோரத்து நிழலில் குந்தியிருந்தது. கடைசியில் சிற்றூழியர்கள் இருவர் பிளாஸ்ரிக் கதிரையில் அம்மாவை இருத்தித் தூக்கிக்கொண்டு ஏறினார்கள். சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டார். மேலே போனதும் எனக்கு மட்டும் கேட்கச் சொன்னார்: "பிணத்தைத்தானடா இப்பிடித் தூக்கிறவை." உயிரோடிருப்பதாகக் கையொப்பம் வைப்பதற்காக வந்த இடத்தில்.

அந்தக் கண்ணாடி முகப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2022 மார்ச் இறுதியில் ஒரு நாளில் பதின்மூன்று மணித்தியாலம் மின்சாரம் நின்ற நாட்களில், குளிரூட்டியை நம்பிக் கட்டிய இத்தகைய அலுவலகங்கள் வெதுப்பகமாக மாறின. குமாஸ்தாக்கள் கோப்புகளைத் தூக்கிக்கொண்டு மரநிழலுக்கு வந்தார்கள். வெள்ளைக்காரன் காலத்துப் பொதுவேலைப் பகுதிக்காரர் கட்டிய கந்தோர்களில் இருந்த அகன்ற விறாந்தை, உயர்ந்த ஓட்டுக்கூரை, தடித்த சுவர், எதிரெதிர் யன்னல் எல்லாம் எங்கள் வெயிலோடு பழகிய அறிவு. நமது நாற்சார் வீட்டின் திண்ணையும் முற்றமும் அதே அறிவுதான். மரபு வேண்டும் என்போர் இந்த மரபைக் கேட்டிருந்தால் முதல் கையொப்பம் எனதாக இருந்திருக்கும். அவர்கள் கேட்பதோ கொங்கிறீற்றில் வார்த்த தாமரையை.

வடிவத்தைப் பகிரங்கப் போட்டி வைத்துத் தெரிவு செய்யட்டும். தெரிவுக் குழுவில் அமைச்சரின் ஆளுக்குப் பதிலாக அந்த அலுவலகத்துக்குத் தினமும் வரும் இரண்டு பேர் இருக்கட்டும். அறிவிப்புப் பலகைகள் பிழையற்ற தமிழிலும் சிங்களத்திலும் இருக்கட்டும். கழிவறைக்குத் தண்ணீர் வரட்டும். பராமரிப்புக்கு வருடாந்தம் பணம் ஒதுக்காத கட்டடத்துக்கு அடிக்கல் நடவே கூடாது என்று சட்டம் போடுங்கள், ஆதரிக்கிறேன். இவ்வளவையும் செய்தபின் வரும் கலைஞர் கண்டியக் கூரை போட்டாலென்ன, ஓலைக் கொட்டிலின் சாயலைக் கொண்டுவந்தாலென்ன, அது அவர் பாடு. நன்றாக இல்லையென்றால் பத்திரிகையில் எழுதித் திட்ட நாங்கள் இருக்கிறோம். பேராதனையில் நான் படித்த காலத்தில் செனற் கட்டடத்தின் திறந்த தூண்மண்டபத்தில் எத்தனையோ மாலைகள் இருந்திருக்கிறேன். அதில் கண்டியச் சாயல் உண்டு. ஆனால் உட்கார்ந்திருந்த என்னை யாரும் எழும்பச் சொல்லவில்லை. காற்று நன்றாக வந்தது. எனக்கு அது போதுமாக இருந்தது.

ஆகவே நண்பரே, சங்கத்தார் அடுத்த முறை கூடும்போது இதை அவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள். வளைவுக்குச் சேர்த்த பணத்தில் முதலில் வாசலுக்கு ஒரு சாய்தளம் கட்டலாம். கைப்பிடி இரண்டு பக்கமும் வேண்டும், ஒரு பக்கம் போதாது. ஓய்வூதியப் பகுதியைக் கீழ்த்தளத்துக்கு இறக்கும்படி செயலாளருக்குக் கடிதம் எழுதுங்கள். அதற்குப் பணமே தேவையில்லை. மிஞ்சினால் மதிலோரம் நாலு வாங்கும், மேலே ஒரு தகரப் பந்தலும். வாங்கில் உபயகாரர் பெயரைப் பொறிக்கத்தான் வேண்டுமென்றால் பின்பக்கம் பொறியுங்கள்.